ஆர்கன் கட்ட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

சாக்சனியில் இந்தத் தொழிலுக்கு வரும் எவருக்கும் கோட்ஃப்ரீட் சில்பர்மன்தான் மூத்த ஆசான். 1683இல் ஃப்ரௌவன்ஸ்டைன் ஊரருகே ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர், 1753இல் டிரெஸ்டனில் இறந்தார். கட்டியவை ஏறக்குறைய ஐம்பது ஆர்கன்கள்; அவற்றில் முப்பது அளவில் இன்றும் தேவாலயங்களில் ஒலிக்கின்றன. பின்னால் வருபவர் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும்படி அவர் கட்டினார். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைச் சார்ந்தே இருக்கும்.

1. முதலில் காற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். வந்த அன்றே எல்லோருக்கும் குழாயைத் தொட ஆசை. ஆனால் துருத்தியில் காற்று நிலையாக நிற்காவிட்டால், எவ்வளவு நல்ல குழாயும் நடுங்கும். பழைய ஆர்கன்களில் காற்றழுத்தம் பெரும்பாலும் 70 முதல் 90 மில்லிமீட்டர் நீர் உயரம்தான். அவ்வளவு மென்மையான காற்றுக்கு மயிரிழைக் கசிவும் பெரிய இழப்பு. துருத்தியின் மடிப்புகளை ஆட்டுத்தோலால் மூடி, வச்சிரப் பசையால் ஒட்டுங்கள். வெந்நீர் பட்டால் வச்சிரம் இளகும். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் மரத்துக்குச் சேதமில்லாமல் தோலை உரித்தெடுத்துப் புதிது ஒட்டலாம். இன்று கடையில் கிடைக்கும் செயற்கைப் பசை பிடித்தால் விடாது. அதைச் சுரண்டும்போது மரமும் சேர்ந்து போகும். அவசரத்துக்கு அதைப் பூசியவர்கள் கெடுத்து வைத்த காற்றுப்பெட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது.

2. ஈயத்தைத் தொட்ட கையால் உண்ணாதீர்கள்.

3. தகடு வார்ப்பதைப் பார்த்துத்தான் கற்க முடியும். வெள்ளீயமும் காரீயமும் கலந்து உருக்கி, நீண்ட மேசைமேல் அடியில்லாப் பெட்டியில் ஊற்றி, ஒரே வேகத்தில் கடைசிவரை இழுக்க வேண்டும். நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் தகடு தடித்துவிடும்.

4. மேலுதட்டை வெட்டுமுன் காத்திருங்கள். குழாயின் வாய்க்குள் கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கிறது. அதற்கும் கீழுதட்டுக்கும் இடையிலுள்ள பிளவின் வழியே காற்று சீறிவந்து, மேலுதட்டின் விளிம்பில் மோதும்போதுதான் குழாய் பேசுகிறது. மேலுதட்டை உயர்த்தி வெட்டினால் குரல் உருண்டு தணியும். தாழ்வாக விட்டால் கூர்மையாக ஒலிக்கும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே பட்டறையில் பாதிக் குரல் கொடுத்தால் போதும், மீதியைத் தேவாலயத்தில் வைத்துச் செய்யுங்கள். கல் வளைவுகளுள்ள பெரிய கோயிலும், மர மாடங்கள் நிறைந்த கிராமத்துக் கோயிலும் ஒரே குழாயை இரண்டு விதமாகக் கேட்கவைக்கும். ஞாயிறன்று ஆட்கள் நிறைந்தால் எதிரொலி குறைந்து அது மறுபடியும் மாறும். ஆலயம் காலியாக இருக்கும்போது கேட்டதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

5. சுருதி சேர்க்கும் நாளின் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். ஒரு டிகிரி ஏறினால் உதட்டுக் குழாய்கள் அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு அளவுக்கு உயரும். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழாய்களின் சுருதி அநேகமாக அசையாது. அதனால் எப்போதும் நாக்குக் குழாய்களைத்தான் மற்றவற்றோடு இழைக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆலயத்தைச் சட்டென்று சூடேற்ற வேண்டாம் என்று பங்குமக்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்; ஓக் மரக் காற்றுப்பெட்டி வெடித்துவிடும்.

6. சிறிய வேலையைப் பெரிய வேலைபோல் செய்யுங்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் அண்ணன் ஆண்ட்ரியாஸிடம் தொழில் கற்றுத் திரும்பிய சில்பர்மன், முதலில் சொந்த ஊர் ஃப்ரௌவன்ஸ்டைனுக்குத்தான் கட்டினார். அதற்குப் பொருட்செலவை மட்டுமே வாங்கிக்கொண்டார். லைப்சிக்கின் இசைத்தலைவர் யோஹான் கூனாவும் ஃப்ரைபெர்க் பேராலய வேலைக்கு அவரைப் பரிந்துரைத்தார். அங்கே மூன்று விசைப்பலகைகளும் 44 குழாய் வரிசைகளும் கொண்ட ஆர்கனை 1714இல் முடித்தபோது அவருக்கு வயது 31.

7. குறை சொல்பவரை வெறுக்காதீர்கள். வெறுத்தாலும் அவர் சொன்னதைச் செய்துபாருங்கள். சில்பர்மன் பியானோவும் செய்தார். அதை வாசித்துப் பார்த்த இசையமைப்பாளர் பாக், ஒலியைப் பாராட்டிவிட்டு, மேல்சுரங்கள் பலவீனமென்றும் கட்டைகள் கனமென்றும் சொல்லிவிட்டார். சில்பர்மனுக்கு வெகுநாள் கோபம் ஆறவில்லை. ஆனாலும் விற்பதை நிறுத்திவைத்து, குறையைத் தீர்க்கப் பாடுபட்டார். பின்னால் பாக் முழுமனதோடு ஒப்புக்கொண்டார்.

மாணவர் சக்கரியாஸ் ஹில்டெப்ரான்டோடும் அவருக்குத் தொழில் போட்டியால் வழக்குவரை போன பகை இருந்தது. ஆனால் 1746இல் நௌம்பூர்கில் ஹில்டெப்ரான்ட் கட்டிய ஆர்கனைச் சோதிக்க பாக்கோடு வந்த சில்பர்மன் அதைத் தேர்ச்சி என்றே ஏற்றார். டிரெஸ்டன் அரசவை ஆலயத்தில் சில்பர்மனின் கடைசி ஆர்கன் பாதியில் நின்றபோது, 1755இல் முடித்துக் கொடுத்தவரும் அதே ஹில்டெப்ரான்ட்தான்.

8. ஒவ்வொரு துண்டும் தனியாகக் கழன்று வரவேண்டும். அந்தக் கடைசி ஆர்கனின் குழாய்களை 1944இல் கழற்றி வெளியூருக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு பிப்ரவரிக் குண்டுவீச்சில் மரக்கூடு எரிந்தது, குழாய்கள் பிழைத்தன. 1971இல் மறுபடி ஒலித்தது. அதே நகரின் ஃப்ரௌவன்கிர்ஹெ ஆலயத்தில் 1736இல் பாக் வாசித்த சில்பர்மன் ஆர்கனைக் கழற்றவில்லை. அது ஆலயத்தோடு அழிந்தது.

9. செய்ததை எழுதிவையுங்கள். காற்றழுத்தம், அன்றைய வெப்பநிலை, எந்தக் குழாயின் உதட்டைத் தொட்டீர்கள், எந்தத் தோலை மாற்றினீர்கள், எந்த ஆண்டு என்பதைப் பென்சிலால் தாளில் குறித்து, காற்றுப்பெட்டியின் உள்பக்கம் ஒட்டுங்கள். அதையும் வச்சிரத்தால்தான் ஒட்ட வேண்டும்.