ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் போகாதே

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் கன்டெய்னர் யார்டில் சிஸ்டம் பார்க்கும் வேலையில் சேர்ந்த சூட்டோடு, "ஷேர்டு ஃபோல்டர் திறக்கல, ஃபயர்வாலை ஆஃப் பண்ணேன், திறந்துடுச்சு" என்று உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாயாம். அவன் அதை அப்படியே என்னிடம் சொன்னான். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு நிமிஷம் ஆஃப் செய்து பார்ப்பதில் தப்பில்லை. கோளாறு அங்கேதான் என்று தெரிந்ததும் மறுபடி ஆன் செய்துவிட்டு, வேண்டிய வழியை மட்டும் திறக்க வேண்டும். நீ முதல் பாதியோடு நிறுத்திவிட்டாய்.

முதலில் திரையில் வரும் செய்தியைப் படி. 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்று 0x80070035 எண்ணோடு வந்தால், நீ அந்தக் கம்ப்யூட்டரைப் போய்ச் சேரவே இல்லை. 'ஆக்சஸ் டினைடு' என்றால் போய்ச் சேர்ந்தாய், உள்ளே விடவில்லை. இந்த இரண்டாவதற்கும் ஃபயர்வாலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் கை வைப்பவர்கள்தான் எல்லாவற்றையும் திறந்துபோட்டுவிட்டுப் போகிறார்கள்.

போய்ச் சேரவில்லை என்றால் கேபிளிலிருந்து ஆரம்பி. நம் பக்கத்து உப்புக் காற்றில் ஆர்.ஜே.45 முனை பச்சை பிடித்துவிடும். அடுத்து, பெயரைப் போட்டுத் திறக்காவிட்டால் ஐ.பி. எண்ணைப் போட்டுப் பார். எண்ணில் திறந்தால் கோளாறு பெயர் தேடுவதில்தான். 'நெட்வொர்க்' பட்டியலில் ஒரு கம்ப்யூட்டர் தெரியவில்லை என்பதற்காக அது திறக்காது என்று முடிவு கட்டாதே. பிங் போகவில்லை என்பதையும் நம்பாதே, விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் தனியாகத் தடுக்கும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் போட்டு, ஃபைல் ஷேரிங் நடக்கும் 445-ஆம் போர்ட்டைக் கேள். அது சொல்வதுதான் சாட்சி.

445 மூடியிருந்தால் உடனே பார்க்க வேண்டியது நெட்வொர்க் புரொஃபைல். இன்டர்நெட்காரர்கள் ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' ஆக்கிவிடும். ஃபைல் ஷேரிங் அங்கேயே நின்றுவிடும். ஆபீஸ் லைன் என்றால் 'பிரைவேட்' ஆக்கு, 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' விதியை பிரைவேட்டுக்கு மட்டும் அனுமதி. ஆன்டிவைரஸுக்குள்ளே இன்னொரு ஃபயர்வால் உட்கார்ந்திருக்கும், அதையும் பார்த்துவிடு.

வேபிரிட்ஜ் ரூமிலிருந்து ஆபீஸ் ஃபோல்டர் திறக்கிறது, ஆபீஸிலிருந்து வேபிரிட்ஜ் கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்று சொன்னாயாமே. அங்கே யாரோ இரண்டாவது வைஃபை ரவுட்டர் வைத்து, ஆபீஸ் கேபிளை அதன் வான் துளையில் செருகியிருப்பார்கள். ஒரு பக்கம் 192.168.1, மறுபக்கம் 192.168.0 என்று இருக்கிறதா பார். இருந்தால் ஃபயர்வாலைத் தொடாதே. அந்த ரவுட்டரின் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதன் ஐ.பி.யை ஆபீஸ் வரிசைக்கு மாற்றி, கேபிளை லான் துளைக்கு மாற்று.

கணக்கு பார்க்கும் டேலிக்கு இன்னொரு வழி வேண்டும். ஃபோல்டர் திறந்தும் டேலி எஜுகேஷன் மோடில் வந்தால் லைசென்ஸ் கேட்வே எட்டவில்லை, வழக்கமாக 9999-ஆம் போர்ட்.

இனி ஆக்சஸ் டினைடு. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் பாஸ் காட்டி உள்ளே போனாலும் குடோன் சாவி தனியாக வேண்டும் அல்லவா? ஷேரிங் டேபில் ஒரு அனுமதி, செக்யூரிட்டி டேபில் ஒரு அனுமதி. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். அப்புறம், பாஸ்வேர்டு கேட்கும்போது நம்மாட்கள் நான்கு இலக்கப் பின்னை அடிப்பார்கள். அந்தப் பின் நம்பர் அந்த மெஷினுக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத அக்கவுன்ட்டையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியே விடாது. இதற்கெல்லாம் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' கொடுப்பது மகா சோம்பேறித்தனம். அந்த ஃபோல்டரில் இருப்பது ஊரார் பில் ஆஃப் என்ட்ரியும் டெலிவரி ஆர்டரும்.

இப்படித் திறந்துபோட்டால் என்ன ஆகும் என்று கேட்பாய். 2017 மே 12-ல் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே அப்டேட் கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஃபைல் ஷேரிங்குக்கான எஸ்.எம்.பி. முறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையில் புகுந்து, அதே 445 வழியாக மெஷினுக்கு மெஷின் தாவியது. ஜூன் 27-ல் நாட்பெட்யா என்ற இன்னொரு வைரஸ். அது புறப்பட்டது உக்ரைனில் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட்டிலிருந்து. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி முடங்கியது, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் குழுமம் நடத்தும் டெர்மினலும் நின்றது. சுமார் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரை அவர்கள் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். கானாவில் கரன்ட் போய் அணைந்து கிடந்த ஒரு சர்வர்தான் அவர்களுடைய டொமைன் விவரங்களோடு தப்பியதாம். மின்வெட்டைத் திட்டியே பழகிய நமக்கு இது கொஞ்சம் வேடிக்கை.

நாட்பெட்யாவில் நீ கவனிக்க வேண்டியது வேறு. அப்டேட் போட்ட மெஷின்களும் விழுந்தன. ஒரு மெஷினில் கிடைத்த அட்மின் பாஸ்வேர்டை வைத்து அடுத்ததைத் திறந்துகொண்டது. உங்கள் யார்டில் எல்லா மெஷினுக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டா? அப்படியென்றால் அதை மாற்றுவதுதான் உன் முதல் வேலை.

பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேனை ஃபோல்டருக்கு அனுப்பவில்லை என்று யாராவது சொல்வார்கள், "எஸ்.எம்.பி. வெர்ஷன் ஒன்றை ஆன் பண்ணிக் கொடு" என்பார்கள். கொடுக்காதே. மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியுமா கேள், இல்லையென்றால் மெயிலுக்கோ பென்டிரைவுக்கோ ஸ்கேன் செய்யட்டும். முணுமுணுப்பார்கள், இரண்டு நாளில் பழகிவிடும்.

டேலி டேட்டாவைத் தினமும் வெளி டிஸ்கில் எடுத்து, டிஸ்கைக் கழற்றி பீரோவில் வை. செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். அந்த வேபிரிட்ஜ் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10 என்று ஞாபகம். அதற்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மாற்றித் தரச் சொல்லி உன் மேனேஜருக்கு இந்த வாரமே எழுத்தில் கொடு, நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
அத்தை