மெயில் சர்வருக்கு எவ்வளவு டிஸ்க் வேண்டும்? ஒரு மரக்காணம் கணக்கு

ஈசிஆரில் புதுச்சேரிக்குப் போகும்போது மரக்காணம் உப்பளங்களை பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. பாத்தி, வரப்பு, கொஞ்சம் தள்ளி வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல். வரப்பில் உப்பு விளையாது. ஆனா வாரிய உப்பை ஒதுக்கிக் குவிக்க மேட்டு இடம் இல்லாவிட்டால் விளைந்தது கைக்கு வராது. மெயில் சர்வர் டிஸ்க்கிலும் இதே கதைதான்.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சை எடுத்துக்கொள்வோம். ஒரு டேட்டாபேஸில் இருக்கும் மெயில்பாக்ஸ் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். மெயிலை அழித்தாலும் அந்தக் கோப்பு சுருங்காது; உள்ளே காலியான இடத்தில் அடுத்த மெயில் வந்து உட்காரும். கோப்பையே சுருக்க ஆஃப்லைன் டிஃப்ராக் செய்யணும். அது பழைய கோப்பை அமுக்குவதில்லை. புதிதாக இன்னொரு கோப்பு எழுதி, பிறகு இடம் மாற்றும். அதனால் டேட்டாபேஸ் அளவில் 110 சதவீதம் காலி இடம் தேவை.

கணக்குப் போடுங்க. டிஸ்க் 200 ஜிபி, டேட்டாபேஸ் 100 ஜிபி. பாதி காலிதானே என்று தோணும். தேவையோ 110 ஜிபி. வேலை நடக்காது! தற்காலிகக் கோப்பை வேறு டிஸ்க்கில் எழுதச் சொல்லலாம்; அந்த டிஸ்க் கைவசம் இருக்கணும். புது டேட்டாபேஸ் உருவாக்கி மெயில்பாக்ஸ்களை அங்கே நகர்த்தலாம். அதற்கும் இடம் வேணும்.

அடுத்து லாக் கோப்புகள். ஒவ்வொரு மாற்றமும் முதலில் லாக்கில்தான் பதியும். எக்ஸ்சேஞ்ச் 2007 முதல் ஒரு லாக் 1 எம்பி. முழு பேக்கப் ஒழுங்காக முடிந்தால் பழையவை நீங்கும். பேக்கப் சில நாள் தவறினால் லாக் குவிந்து டிஸ்க் நிரம்பும், டேட்டாபேஸ் நின்றுவிடும். அப்போது பதறிப்போய் லாக்கைக் கையால் அழிக்காதீங்க. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்படி ஒரு இரவில் மின்சாரம் போய் சர்வர் பாதியில் அணைந்தால், டேட்டாபேஸை மீட்க அந்த லாக்தான் கைகொடுக்கும்.

பேக்கப்பிலிருந்து மீட்கும்போதும் பழைய கோப்பின் மேலேயே எழுதக் கூடாது. பக்கத்தில் இன்னொரு 100 ஜிபியும், லாக்குக்கான இடமும் வேண்டும்.

ஆக, 100 ஜிபி டேட்டாபேஸுக்கு 210 ஜிபி, லாக்குக்குத் தனி டிஸ்க் என்று முதல் நாளே திட்டமிடுங்க. காலி இடம் வீண் இல்லை. அதுதான் உங்க வரப்பு.