புழுவை வளர்க்கலாமா?

வயிற்றில் புழு இருந்தால் அலர்ஜி, குடல் அழற்சி எல்லாம் அண்டாதாமே? பள்ளிக்கூடத்தில் தரும் பூச்சி மாத்திரையைப் பையனுக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி நிஜம். வாடகை தராமல் குடியிருக்கும் புழு, விரட்டாமலிருக்க நம் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிறது. அதற்கென்றே டி-செல்கள் என்ற வெள்ளணுக்களில் சிலவற்றைத் தூண்டிவிடும். அந்தச் சாக்கில் அழற்சியும் தணியலாம். இதை நம்பி அமெரிக்காவில் பெருங்குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளைக் குடிக்கவே கொடுத்தார்கள்! (முகம் சுளிக்காதீர்கள், அது மனிதக் குடலில் அதிக நாள் தங்காது.) 2005-ல் வெளியான முடிவில், குடித்தவர்களில் 43 சதவீதம் பேர் தேறினார்கள், போலி மருந்து குடித்தவர்களில் 17. ஆனால் இன்னொரு குடல் அழற்சியான கிரோன் நோய்க்கு நடந்த பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை.

பையன் வயிற்றில் இருக்கக்கூடிய கொக்கிப்புழுவோ ரத்தம் குடித்துச் சோகையைத்தான் தரும். அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை நன்றாக மென்று விழுங்கச் சொல்லுங்கள்.