டியூஷன் தொடங்கும் முன்

வீட்டுக் கூடத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கத் தனியாக நிறுவனம் பதிவு செய்ய வேண்டியதில்லை. சொந்தப் பான் எண்ணிலேயே தனிநபர் தொழிலாக நடத்தலாம். கட்டணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு கட்டாயமல்ல. ஆனால் இலவசம், வங்கிக் கடனுக்கு உதவும்.

தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வரி 18 சதவீதம். பள்ளிக் கட்டணத்துக்குள்ள விலக்கு டியூஷனுக்கும் உண்டு என்று நம்பிவிடக் கூடாது; கிடையாது.

50 மாணவருக்கு மேல் சேர்ந்தால் மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல் அதைப் பயிற்சி மையமாகக் கருதுகிறது: பதிவு, மாணவருக்கு ஒரு சதுர மீட்டர் இடம், பட்டதாரி ஆசிரியர். நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு.

பணியிலுள்ள பள்ளி ஆசிரியர் டியூஷன் எடுப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில் தடை செய்கிறது.