குச்சி மனிதர்களை அவசரப்பட்டு எடை போடாதீர்கள்

"படமும் சுமார், கதையும் புரியலை." இணையத்தில் வரும் சித்திரக்கதைகளை, அதாவது வெப்காமிக்குகளை, முதன்முதலாகப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு புகார்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களிடம் இந்தக் குரல் கொஞ்சம் ஓங்கியே கேட்கும். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் கதைகளில் குதிரையும் பாறையும் நிழலுமாக ஒவ்வொரு கட்டத்தையும் இழைத்திருக்கும் கோடுகளில் பழகிய கண்ணுக்கு, ஒரு வட்டமும் ஐந்து கோடுகளும் சேர்ந்தால் மனிதன் என்பது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், அவை இரண்டு புகார்கள் அல்ல, ஒன்றுதான். நல்ல வெப்காமிக்கில் பொருள் மங்கலாக இருக்கிறது என்றால், அந்த மங்கலை உண்டாக்கியது பெரும்பாலும் வரைந்த விதம்தான். படத்தைத் தாண்டி ஓடி அர்த்தத்தைப் பிடிக்கப் பார்ப்பவருக்குப் படமும் கிடைக்காது, அர்த்தமும் கிடைக்காது. கீழே உள்ளவை அந்த நம்பிக்கையில் எழுதியவை.

செய்ய வேண்டியவை

எழுத்தை விட்டுவிட்டு ஒருமுறை படத்தை மட்டும் பாருங்கள். அமெரிக்கரான அலி பிராஷ் 'ஹைப்பர்போல் அண்ட் எ ஹாஃப்' தொடரில் தன்னையே வரைந்துகொள்ளும் விதம் பலரைத் திடுக்கிட வைக்கும். குழாய் போன்ற உடம்பு, ரோஸ் நிற உடை, பிதுங்கிய கண்கள், தலையில் முடிக்குப் பதிலாக ஒரு மஞ்சள் முக்கோணம். குழந்தைகள் கணினியில் கிறுக்கிப் பழகும் மென்பொருளில் வரைந்தது போலவே இருக்கும். ஆனால் முகபாவம் சரியாக அமையும்வரை திரும்பத் திரும்ப மாற்றுவதைப் பற்றி அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2011-லும் 2013-லும் தன் மனச்சோர்வைப் பற்றி அவர் வெளியிட்ட இரண்டு பகுதிகளையும் பார்த்தால் அது ஏன் என்று விளங்கும். அழகாக வரைந்த ஒரு பெண் அழுதால், யாரோ ஒருத்தி அழுவதாக நாம் பார்த்துக்கொண்டிருப்போம். இந்த அசட்டு உருவம் எதையும் உணராமல் வெறிக்கும்போது வெறிப்பது நாமாகிவிடுகிறோம். ஒரு முகத்தில் விவரங்கள் குறையக் குறைய அதற்குள் நுழையக்கூடியவர்கள் கூடுகிறார்கள் என்று ஸ்காட் மெக்கிளவுட் 1993-இல் வந்த 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலில் விளக்கியிருக்கிறார். காமிக்ஸ் பற்றி ஒரே ஒரு நூலை வாங்குவதானால் அதை வாங்கலாம்.

பொறுத்திருங்கள். இதற்கு எக்ஸ்.கே.சி.டி.யின் 'டைம்' போல இன்னொரு சான்று கிடையாது. நாசாவில் வேலை பார்த்தவரான ராண்டல் மன்ரோ 2005 முதல் நடத்தும் தொடர் எக்ஸ்.கே.சி.டி. அதில் வருகிற எல்லோரும் முகமே இல்லாத குச்சி மனிதர்கள். 2013 மார்ச் 25 அன்று 1190-ஆவது காமிக்காக ஒரே ஒரு படம் வந்தது: கடற்கரையில் ஒரு ஆண், ஒரு பெண், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வசனம் இல்லை, சிரிப்பு இல்லை. படத்துக்கான சிறுகுறிப்பிலும் காத்திருக்கச் சொல்வதைத் தவிர எதுவும் இல்லை. பலர் ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அரை மணி நேரம் கழித்துப் படம் மாறியது. அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு படமாக, இருவரும் மணல் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். சில நாட்களுக்குப் பிறகு மாற்றம் மணிக்கு ஒருமுறை என்று ஆனது. ஜூலை இறுதியில் கதை முடிந்தபோது மொத்தம் 3,099 படங்கள் வந்திருந்தன.

இதில் எனக்குப் பிடித்தது காத்திருந்தவர்கள் காத்திருந்த விதம். கடல்மட்டம் மெல்ல ஏறுகிறது, காரணம் தெரியவில்லை. இருவரும் காரணம் தேடி மேட்டை நோக்கி நடக்கிறார்கள். செடிகள் வருகின்றன, விலங்குகள் வருகின்றன, ஓர் இரவு முழுக்க வானம் வருகிறது. இவர்கள் யார், எந்த ஊர், எந்தக் காலம் என்று ஒரு வார்த்தை இல்லை. வாசகர்கள் செடிகளை அடையாளம் கண்டார்கள்; நட்சத்திரங்களின் இருப்பிடத்தைக் கணக்குப் போட்டு, இது பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய பூமி என்று சொன்னார்கள். வறண்டு கிடக்கும் மத்தியதரைக் கடல் படுகைக்குள் மறுபடியும் கடல் புகுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் அந்தக் கடல் உண்மையாகவே வறண்டு நிரம்பியிருக்கிறது என்பது புவியியல். கதை முடிந்த பின் மன்ரோவும் வாசகர்களின் கணிப்பை உறுதி செய்தார். வழியில் அந்த இருவரும் சந்திக்கும் மக்களின் பேச்சு மட்டும் யாரும் அறியாத எழுத்தில் இருக்கிறது. அதற்கு அவர் மொழிபெயர்ப்பு தரவில்லை. தராமல் விட்டதே சரி. வேற்றூரில் மாட்டிக்கொண்ட அந்த இருவருக்கும் அது புரியவில்லையே, நமக்கு மட்டும் ஏன் புரிய வேண்டும்?

மனிதர்கள் குச்சியாக இருந்ததால்தான் நட்சத்திரம் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாமே நுணுக்கமாக இருந்தால் எது குறிப்பு, எது அலங்காரம் என்று யார் கண்டது? அடுத்த ஆண்டு 'டைம்' அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது பெற்றது.

உங்கள் விரல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கனடாவின் எமிலி கேரல் 2010-ஆம் ஆண்டு ஹாலோவீன் அன்று வெளியிட்ட 'ஹிஸ் ஃபேஸ் ஆல் ரெட்' ஒரு பேய்க்கதை. அண்ணனைக் கொன்ற தம்பி கதை சொல்கிறான். கொல்லப்பட்ட அண்ணன் காட்டிலிருந்து நலமாகத் திரும்பி வருகிறான். புத்தகத்தில் பக்கம் எவ்வளவு என்பது கைக்குத் தெரியும். திரையில் தெரியாது. தம்பி ஒரு குழிக்குள் இறங்கும் இடத்தில் பக்கம் கீழே கீழே நீள, இறங்குவது நம் விரலும்தான். கறுப்புக்குள் எதையும் வரையாமலே பயமுறுத்துகிறார் கேரல். 2014-இல் இது 'த்ரூ த உட்ஸ்' தொகுப்பில் அச்சிலும் வந்தது. அது நல்ல புத்தகம், ஆனாலும் இந்தக் கதைக்குத் திரைதான் வீடு.

எக்ஸ்.கே.சி.டி. படிக்கும்போது மவுஸைப் படத்தின்மேல் வையுங்கள். அங்கே மறைந்திருக்கும் வரிதான் பாதி நேரம் உண்மையான நகைச்சுவை. கைப்பேசியில் பார்ப்பவர்கள் அதைத் தேடித் தட்டிப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களோடு வாதம் செய்ய வேண்டாம்.

பிடிக்கவில்லை என்றால் எங்கே பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். புரியாததெல்லாம் ஆழம், அமைதியெல்லாம் கலை என்று தலையாட்டவும் கூடாது. டிம் பக்லியின் 'கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்' வீடியோ கேம் விளையாடும் நண்பர்களைப் பற்றிய கலாட்டா தொடர். 2008 ஜூன் 2 அன்று அதில் திடீரென்று வசனமே இல்லாத நான்கு கட்டங்கள் வந்தன. நாயகன் மருத்துவமனைக்கு ஓடுகிறான், விசாரிக்கிறான், மருத்துவரைப் பார்க்கிறான், கடைசியில் கரு கலைந்து படுக்கையில் கிடக்கும் துணைவியின் முன் நிற்கிறான். தலைப்பு 'லாஸ்'. வாசகர்கள் உருகவில்லை, கேலி செய்தார்கள். நான்கு கட்டங்களையும் வெறும் கோடுகளாகச் சுருக்கிப் பரப்பினார்கள்: ஒரு கோடு, இரண்டு கோடு, மறுபடி இரண்டு கோடு, நிற்கும் கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று.

அந்தக் கேலியில் கொஞ்சம் கொடூரம் உண்டு. ஆனால் விமர்சனமாக எடுத்துப் பார்த்தால் குறை எங்கே என்று தெளிவாகச் சொல்லலாம். நேற்றுவரை அசட்டு ஜோக்குகளுக்குப் பயன்பட்ட அதே அரைத்தூக்கக் கண்கள், அதே தொங்கிய வாய் அன்று துக்கத்தையும் சுமக்க வேண்டியிருந்தது, அவற்றால் முடியவில்லை. கட்ட அமைப்பில் குறை இல்லை. ஆறேழு கோடுகளை வைத்தே பல ஆண்டுகள் கழித்தும் அடையாளம் தெரிகிறது என்றால், கேலி செய்தவர்கள் தங்களை அறியாமலே அந்த அமைப்புக்கு நற்சான்று கொடுத்துவிட்டார்கள்.

செய்யக்கூடாதவை

"இதை என் பையனே வரைவானே" என்று சொல்லாதீர்கள். வரையட்டும், நல்லதுதான். ஜப்பானில் ஒன் என்ற புனைபெயர்க்காரர் 2009-இல் இணையத்தில் தொடங்கிய 'ஒன் பஞ்ச் மேன்' பள்ளி நோட்டுக் கிறுக்கல் போலத்தான் இருந்தது. பிறகு யூசுகே முராதா என்ற தேர்ந்த ஓவியர் 2012 முதல் அதைப் பிரமாதமாக மறுபடி வரையத் தொடங்கினார். முராதாவின் படங்களைப் பார்த்து வாய் பிளக்காதவர் இல்லை. என்றாலும் ஒரே அடியில் எல்லோரையும் வீழ்த்திவிட்டுச் சலித்துப்போகும் நாயகனின் மொட்டை முகம், மூலத்தின் கோணல் கோட்டில்தான் எனக்கு அதிகச் சிரிப்பைத் தருகிறது. கனடாவின் ரயன் நார்த் இதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்: 'டைனோசர் காமிக்ஸ்' 2003-இலிருந்து அதே ஆறு படங்கள்தான், வசனம் மட்டும் மாறும்.

படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பதவுரை தேடாதீர்கள். இது இணையத்துக்கு முந்தைய நோய். 1982 அக்டோபரில் கேரி லார்சன் தன் 'தி ஃபார் சைட்' நாளிதழ்த் தொடரில் ஒரு மாட்டை வரைந்தார். அதன் முன்னால் ஒரு மேசை, மேசைமேல் உருப்படியில்லாத நான்கு சாமான்கள். மாட்டின் கருவிகள் என்று தலைப்பு. மாடு கருவி செய்தால் இவ்வளவு மட்டமாகத்தான் செய்யும் என்பதே ஜோக். ஒரு சாமான் மட்டும் ரம்பம் போல அமைந்துவிட்டது. போதாதா? அப்படியானால் மற்ற மூன்றும் என்ன என்று வாசகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடிதங்கள் குவிந்தன; லார்சன் விளக்க அறிக்கையே விட வேண்டியதாயிற்று. ரம்பத்தை வரைந்ததுதான் தவறு என்று பின்னாளில் அவரும் ஒப்புக்கொண்டார். நானாக இருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அந்த ரம்பம் இல்லாவிட்டால் இன்று அந்தப் படத்தை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

பாதியை வெட்டிப் பகிராதீர்கள். தீப்பிடித்த அறையில் தொப்பி போட்ட நாய் காபிக் கோப்பையுடன் உட்கார்ந்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லும் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். கே.சி. கிரீன் 2013 ஜனவரியில் வரைந்தது அது. ஊரெல்லாம் சுற்றுவது முதல் இரண்டு கட்டங்கள்தான். மொத்தம் ஆறு, கடைசியில் நாய் உருகி வழிகிறது. மீதி நாலையும் வெட்டியதால் எச்சரிக்கையாக இருந்தது சமாளிப்பாகிவிட்டது. 2016-இல் அமெரிக்காவின் குடியரசுக் கட்சி தன் அரசியலுக்கு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டபோது கிரீன் எரிச்சலடைந்தார். அதே ஆண்டு, நாய் பதறியடித்துத் தீயை அணைப்பதாகப் புதிதாக ஒன்றை வரைந்தார்.

குச்சி உருவம் என்றால் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். பெங்களூருவின் ரச்சிதா தனேஜா 2014 முதல் வரையும் 'சானிட்டரி பேனல்ஸ்' முழுக்கக் குச்சி மனிதர்கள்தான். 2020 டிசம்பரில் அந்தப் படங்களுக்காக உச்ச நீதிமன்றம் அவருக்கு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது.

படைப்பாளியிடம் போய் "சரியான விடை என்ன" என்று நச்சரிக்காதீர்கள். நீங்களும் விடை சொல்லி மூடாதீர்கள். கேரலின் கதைக்குத் திரும்புகிறேன். திரும்பி வந்தது பேயா, வேறேதோ பிராணியா, தம்பியின் குற்ற உணர்ச்சியா? மூன்றுக்கும் படங்களில் இடம் இருக்கிறது. குற்ற உணர்ச்சி என்ற பதிலைப் படித்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், அது கௌரவமான பதில் என்பதால். ஆனால் திரும்பி வந்தவனோடு ஊரே பழகுகிறது, அவனைக் கொண்டாடுகிறது. ஒருவன் மனதுக்குள் மட்டும் இருக்கிற உருவத்தோடு ஊர் பழகுமா? பேய் என்று வைத்துக்கொண்டால், குழிக்குள் கிடப்பது யார்? ஒவ்வொரு பதிலும் ஒரு கட்டத்தில் இடிக்கும்படியாகவே அவர் வரைந்திருக்கிறார். நண்பருக்கு அனுப்பும்போது முடிவைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். கைப்பேசியில் வேண்டாம், கணினியில், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'டைம்' பார்க்கப் போகிறவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.