பழைய கடன்பற்று அட்டைக் கடனைத் தீர்ப்பது எவ்வாறு?



"அந்தக் கடனை வங்கியே தள்ளுபடி செய்துவிட்டது, இனி எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்வோர் நம்மிடையே பலர் உள்ளனர். வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

தள்ளுபடி என்றதும் விட்டுக்கொடுத்தல் என்றே நாம் பொருள் கொள்கிறோம். வங்கியார் 'ஹாபுஸ் கிரா' என்று எழுதுவதோ வேறு. பல மாதங்கள் பணம் வராத கணக்கை, இனி வருமென்று நம்புவதற்கில்லை எனத் தங்கள் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகின்றனர். அது அவர்கள் புத்தகத்துக்குள் நடக்கும் காரியம். கடனாளியின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. கடன் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படலாம்; வேறொருவருக்கு விற்கப்படவும் செய்யலாம்.

ஆகவே பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதம் வரும். பிறகு தொலைபேசி அழைப்பு வரும். "இன்று நூறு வெள்ளி மட்டும் கட்டுங்கள், நல்லெண்ணத்தைக் காட்டுங்கள்" என்பார்கள். அந்த நூறு வெள்ளியை அன்றே கட்ட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவில், 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடர 6 ஆண்டுகளே அவகாசம். (சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.) ஆனால் கடனாளி எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலோ, சிறு தொகை செலுத்தினாலோ, அந்த 6 ஆண்டுகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கக்கூடும். மேலும், காலம் கடந்துவிட்டது என்பதை நீதிமன்றம் தானாக எடுத்துக்கொள்ளாது. எதிர்வாதத்தில் நாம்தான் கூற வேண்டும். ஆகவே சம்மன் வந்தால் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். ஏற்கனவே தீர்ப்பு வாங்கியிருந்தால் கணக்கே வேறு. அதற்கு 12 ஆண்டுகள்.

முதலில் எழுத்து மூலம் விவரம் கேளுங்கள்: கடன் இப்போது யார் கையில், கடைசியாக எப்போது பணம் செலுத்தப்பட்டது, அசல் எவ்வளவு, வட்டியும் தாமதக் கட்டணமும் எவ்வளவு, தீர்ப்பு ஏதும் உண்டா? கேட்கும் கடிதத்தில் "என் கடன்" என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் ஐயம் இருந்தால் வழக்கறிஞர் ஒருவரைக் காண்பது நல்லது.

காலம் கடந்துவிட்டால் கட்டாமலே இருந்துவிடலாமா? சட்டம் வழக்கின் கதவைத்தான் மூடுகிறது. வாங்கிய பணம் வாங்கிய பணம்தான். வசதியுள்ளவர் தீர்த்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் மிரட்டலுக்குப் பயந்து ஐம்பதும் நூறுமாகக் கட்டுவதில் யாருக்கும் நன்மையில்லை. கையில் உள்ளதைச் சேர்த்து வைத்து, ஒரே தொகையாகப் பேசித் தீர்ப்பதே சிறப்பு. பழைய கடனில் வட்டியைக் குறைத்துக்கொள்ள இணங்குவோர் உண்டு. கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. இன்று ஓடிக்கொண்டிருக்கும் அட்டையில் 6,000 வெள்ளி பாக்கி இருந்து, வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால், மாதம் ஏறத்தாழ 90 வெள்ளி வட்டிக்கே போகிறது. பழைய கடனுக்குத் தீர்ப்பு இல்லாதபட்சத்தில் இதை முதலில் அடைப்பதே புத்திசாலித்தனம். பழையதை அடைக்க வட்டி முதலைகளிடம் போவதை நான் சொல்லித் தடுக்க வேண்டியதில்லை. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு இருப்பதால் பலர் அதன்மேல் கண் வைக்கின்றனர். முதுமைக்கான பணம் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

"திவாலாக்கி விடுவோம்" என்ற வார்த்தைக்கும் அஞ்ச வேண்டாம். ஒரு காலத்தில் 30,000 வெள்ளியாக இருந்த வரம்பு 2017-இல் 50,000 ஆகி, 2021 முதல் 100,000 வெள்ளியாக உள்ளது. எட்டாயிரம், ஒன்பதாயிரம் வெள்ளிக் கடன் ஒன்றை மட்டும் காட்டி அதைச் செய்ய இயலாது. கடன்கள் பல சேர்ந்திருந்தால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை அமைப்பை நாடலாம், ஆலோசனைக்குக் கட்டணமில்லை.

பேசி முடித்த தொகை முழுமையானதும் இறுதியானதும் என்று குறிப்பிடும் கடிதம் கைக்கு வந்த பின்னரே பணம் கட்டுங்கள். நிறுவனத்தின் கணக்கில் கட்டுங்கள். பேசியவரின் சொந்தக் கணக்கில் அல்ல. கட்டியதும் கணக்கு முடிந்ததற்கான கடிதத்தையும் வாங்கி, ரசீதுடன் பத்திரப்படுத்தி, அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். தீர்த்த கடனே வேறொரு நிறுவனத்தின் பெயரில் மீண்டும் வாசலுக்கு வந்ததை நான் கண்டிருக்கிறேன்.