சார்ஜருக்குள் ஓர் எல்லைக்கோடு

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

செல்போன் இல்லாத வீடு இன்று நம் ஊரில் அரிது. யு.எஸ்.பி. சார்ஜரைச் சுவரில் செருகுகிறோம். வயரின் மறுமுனையில் இருக்கும் போனைக் கையில் பிடித்துப் பேசவும் செய்கிறோம். ஒரு பக்கம் உயிரைக் குடிக்கவல்ல 230 வோல்ட். மறுபக்கம் தொட்டாலும் தீங்கு செய்யாத 5 வோல்ட். இவ்விரண்டையும் பிரித்து வைப்பது எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அது இயங்கும் முறையைக் காண்போம். நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நான்கு டையோடுகள் அதனை ஒரே திசையில் செலுத்துகின்றன. ஒரு மின்தேக்கி அதனைச் சமன் செய்கிறது. அப்போது அங்கு நிற்கும் மின்னழுத்தம், 230-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க வரும் 325 வோல்ட் ஆகும். ஒரு டிரான்சிஸ்டர் இதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டு மின்மாற்றிக்குள் அனுப்புகிறது. அதிர்வெண் கூடக்கூட, அதே திறனைக் கடத்தச் சிறிய மின்மாற்றியே போதும். பழைய ரேடியோ எலிமினேட்டர் கனத்ததும், இன்றைய சார்ஜர் கைக்குள் அடங்குவதும் இதனால்தான்.

இம்மின்மாற்றியின் இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. காந்தப்புலமே ஆற்றலைக் கடத்துகிறது. நான் கூறும் எல்லைக்கோடு இதுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் என் தந்தையார் ஒருநாள், "ரெண்டுலயும் சார்ஜ் ஏறத்தான செய்யுது, பொறவு எதுக்குல கூட ரூவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடை காண, பழுதாகிப்போன இரு சார்ஜர்களை ஆய்வகத்தில் பேராசிரியர் முன்னிலையில் பிரித்துப் பார்த்தேன். ஒன்று செல்போனுடன் வந்தது. மற்றொன்று ஆடித் தபசின்போது நடைபாதைக் கடையில் வாங்கிய, பெயரில்லாதது.

முதலாவதில் 230 வோல்ட் பகுதிக்கும் 5 வோல்ட் பகுதிக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. இரண்டாவதில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. ஈரம் படர்ந்தாலோ, பற்றவைத்த ஈயத்துளி ஒன்று சிதறினாலோ மின்சாரம் எல்லை தாண்டிவிடும். முதலாவதின் சுருள்களுக்கிடையே மஞ்சள் காப்பு நாடா பல சுற்று இருந்தது. இரண்டாவதில் ஒரே சுற்று. முதலாவதில் இருந்த ஃபியூஸ் இரண்டாவதில் இல்லவே இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மின் இரைச்சலைக் குறைக்க எல்லையின் குறுக்கே ஒரு சிறு மின்தேக்கி வைப்பார்கள். அது 1 நானோஃபாரடு எனில், அதன் வழியே கசியும் மின்னோட்டம் 0.07 மில்லி ஆம்பியர் மட்டுமே எனக் கணக்கிடலாம். சார்ஜ் ஏறும்போது சில உலோகப் போன்களைத் தடவினால் தோன்றும் கூச்சத்துக்கு இத்தகைய கசிவே காரணம். ஆயினும் அது உள்ளே எளிதில் குறுக்கிணையாதபடி செய்யப்பட்ட 'ஒய்' வகையாக இருத்தல் வேண்டும். சாதாரண மின்தேக்கி குறுக்கிணைந்துவிட்டால் 230 வோல்ட் நேரே கைக்கு வந்து சேரும்.

ஆகவே தந்தையாருக்கு நான் சொன்ன விடை இது: கூடுதல் ரூபாய் அந்த ஆறு மில்லிமீட்டருக்கு.

மூடிய சார்ஜருக்குள் வாங்குவோர் பார்க்க இயலாது. ஆதலின் மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையை மைய அரசு 2012-இல் பிறப்பித்தது. 2014-இல் பவர் அடாப்டர்களும் அப்பட்டியலில் சேர்ந்தன. பதிவு பெற்ற சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தை அடுத்து எட்டு இலக்கங்களும் இருக்கும். குறியை யாரும் அச்சடித்துவிடலாம். எனவே அவ்வெண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டு, யார் பெயரில் உள்ளது என்று சரிபார்ப்பது நன்று.

நண்பர்களே, சார்ஜரை வீட்டில் பிரித்துப் பார்க்க வேண்டாம். சுவரிலிருந்து கழற்றிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். சார்ஜ் ஏறும் போனை ஈரக் கையால் தொடாதீர்கள், தலையணைக்கடியில் வைக்காதீர்கள். சார்ஜர் வாங்கும்போது அந்த எட்டு இலக்கங்களைத் தேடுங்கள். படிக்க வாய்ப்பில்லாத பெரியவர்கள் நம் தெருவில் பலர் உள்ளனர். அவர்களுக்காகவும் சேர்த்து நாம் தேடுவோமாக.